பச்சை உடம்புக்காரிக்கு போன் வழி மனநல உதவி: கிராமத்தில் செய்யும் முறை

பிரசவமான பெண்ணுக்கு வரும் மனச்சோர்வுக்கு மொபைல் செயலி வைத்து உதவ நினைக்கும் கிராம சுகாதார செவிலியர், தன்னார்வலர், தொண்டு நிறுவனப் பணியாளர் ஆகியோருக்கான செய்முறை இது. செயலி கேள்வி கேட்கும், மதிப்பெண் போடும், நினைவூட்டும், ஒலிப்பதிவு ஓட்டும். அவ்வளவுதான். மதிப்பெண் ஏறியதும் யார் கூப்பிடப் போகிறார்கள் என்பது தீர்மானமாகாத ஊரில் எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம். ஒரு பெண்ணைக் கேட்டு, அவள் மனம் விட்டுச் சொல்லி, அதன் பிறகு யாரும் வரவில்லை என்றால், கேட்காமலே இருந்ததைவிட அது மோசம்.

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். இந்தியா முழுவதுமான ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளியான கணக்கு 22 சதவீதம் என்கிறது. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்று வைத்தால் ஆண்டுக்கு 65 பிரசவம் போல வரும். அதில் 7 முதல் 14 பேருக்கு உதவி தேவைப்படும். மாதத்துக்கு ஒருவர். ஒரு செவிலியரும் ஒரு தன்னார்வலரும் சேர்ந்தால் தாங்கக்கூடிய எண்ணிக்கைதான் இது.

முதல் வேலை: போன் யார் கையில்?

செயலியைத் தேடுவதற்கு முன் இதைக் கேளுங்கள். பிக்மி பதிவில் (அரசின் கர்ப்பிணிப் பதிவு) இருக்கும் எண் பெரும்பாலும் கணவருடையது. அவர் காலையில் வேலைக்குப் போகும்போது போனும் போய்விடும். வீட்டில் ஒரு போன் இருந்தாலும் அது மாமியாரின் தலையணைக்கடியில் இருக்கலாம், பெரிய குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆகவே கர்ப்பத்தின் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே, பரிசோதனைக்கு வரும்போது அவளிடம் தனியாக நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: இது யாருடைய எண், பகலில் எத்தனை மணிக்கு அவள் கையில் இருக்கும், ரீசார்ஜ் யார் போடுகிறார், பிரசவத்துக்குப் பிறகு எந்த ஊரில் எத்தனை மாதம் இருப்பாள்.

கடைசிக் கேள்விதான் பலரும் விடுவது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். ஊர் மாறுகிறது, செவிலியர் மாறுகிறார், சில சமயம் போன் எண்ணும் மாறுகிறது. மனச்சோர்வு முற்றும் காலமும் ஏறத்தாழ அதே சமயம். தாய்வீட்டில் ஒருவர், புகுந்த வீட்டில் ஒருவர் என இரண்டு எண்களைப் பதிவிலேயே எழுதி வையுங்கள். கிளம்பும் வாரம் அந்த ஊர் செவிலியருக்கு நீங்களே போன் செய்யுங்கள். செயலியில் 'மாற்றம்' என்று பொத்தானை அழுத்தினால் தகவல் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்காதீர்கள்.

போனின் வகையைப் பார்த்து வழி:

ஆண்ட்ராய்டு போன் அவளுடையதாகவே இருந்தால் செயலி பொருந்தும். ஆண்ட்ராய்டு போன் பொதுவில் கிடந்தால் செயலி வேண்டாம். குறித்த நேரத்தில் நீங்கள் அழைப்பதே மேல். பட்டன் போன் மட்டும் என்றால் அழைப்பும் பதிவுக்குரல் அழைப்பும் போதும். எதுவுமே இல்லை என்றால் செயலி உங்கள் போனில் இருக்கட்டும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள். நான்காவது வகைப் பெண்களுக்குத்தான் பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படும், திட்டம் தீட்டுபவர்கள் முதலில் மறப்பதும் அவர்களைத்தான்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது

விளம்பரத்தைப் படித்து முடிவு செய்யாமல், உங்கள் போனில் போட்டு அரைமணி நேரம் கிண்டிப் பாருங்கள்.

கணக்குத் தொடங்க ஓடிபி கேட்கிறதா? கணவர் எண்ணுக்கு ஓடிபி போனால் கதை அங்கேயே முடிந்தது: "இது என்ன மெசேஜ்?" என்று சாயங்காலம் கேள்வி வரும். பணியாளர் கணக்குக்குள் தாயைச் சேர்க்கும் வசதி இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

இணையம் இல்லாமல் ஓடுகிறதா? விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். மொட்டைமாடியிலோ பஸ் நிறுத்தத்திலோ மட்டும் சிக்னல் கிடைக்கும் ஊர்கள் நிறைய. பதில்கள் போனில் சேமிக்கப்பட்டு, சிக்னல் வந்ததும் தானாகப் போக வேண்டும்.

தமிழில் குரல் உண்டா? எழுத்து மட்டும் இருந்தால் போதாது. எழுத்துத் தமிழை மொழிபெயர்ப்பு இயந்திரம் வாசிப்பதுபோல வாசித்தால் அதுவும் போதாது. ஒலிப்பதிவின் அளவையும் பாருங்கள்: நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் 3 நிமிடக் குரல் ஏறத்தாழ 720 கேபி. பேச்சுக்கு இந்தத் தரமே போதும். பத்துப் பதிவு என்றாலும் 7 எம்பி சொச்சம். வீடியோ போட்டுக் கனமாக்கினால், வாட்ஸ்அப் படங்களால் நிரம்பி வழியும் போனில் முதலில் நீக்கப்படுவது உங்கள் செயலிதான்.

தொடர்புப் பட்டியல், இருப்பிடம், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்டால் ஏன் என்று விசாரியுங்கள். மனநலக் கேள்விகளுக்கு இவை எதுவும் தேவையில்லை. விவரம் எங்கே போகிறது, யார் பார்க்கலாம், தாய் கேட்டால் அழிக்க முடியுமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

முக்கியமான சோதனை இது: தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு இரவு 9 மணிக்கு 'ஆம், அடிக்கடி' என்று பதில் போட்டுப் பாருங்கள். 'மருத்துவரை அணுகவும்' என்ற ஒற்றை வரியோடு அடுத்த பக்கம் போனால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். உடனே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழைக்கும் பொத்தான் வர வேண்டும், பணியாளர் போனுக்கு எச்சரிக்கை போக வேண்டும்.

அரட்டைப் பெட்டி உள்ள செயலி என்றால் பேச்சுத் தமிழில் சோதியுங்கள். நம் ஊர்ப் பெண் "எனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது" என்று எழுத மாட்டாள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "புள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு எங்கயாச்சும் போயிரலாம்னு இருக்கு" என்பாள். இதைப் படித்துவிட்டு அரட்டைப் பெட்டி மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தால், அதைத் தாயிடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வித்தாள்: எடின்பரோ அளவுகோல்

1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல்தான் இந்த வேலைக்கு வழக்கமான கருவி. பத்துக் கேள்வி, கடந்த 7 நாளைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. பொது மனச்சோர்வுக்கான, ஒன்பது கேள்வி கொண்ட தாளைச் சில செயலிகள் வைத்திருக்கின்றன. தூக்கம் கெடுகிறதா, அசதியாக இருக்கிறதா, பசி மாறியிருக்கிறதா என்று அது கேட்கும். ஒரு மாதக் குழந்தை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் 'ஆமாம்' என்பார்கள். மதிப்பெண் பொய்யாக ஏறும். எடின்பரோவில் உடல் அசதி பற்றிய கேள்வி இல்லை. தூக்கம் வந்தாலும், மனவருத்தத்தால் தூங்க முடியாமல் போகிறதா என்றுதான் கேட்கும்.

மதிப்பெண் போடுவதில் ஒரு கண்ணி உண்டு. 1, 2, 4 ஆகிய கேள்விகளில் மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழிலும் தலைகீழ்: மேலே இருப்பது 3, கீழே 0. அவசரத்தில் செய்த செயலிகள் பத்தையும் ஒரே திசையில் கூட்டிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். பத்துக் கேள்விக்கும் முதல் பதிலையே அழுத்துங்கள்: 21 வர வேண்டும். பத்துக்கும் கடைசிப் பதிலை அழுத்துங்கள்: 9 வர வேண்டும். வேறு எண் வந்தால் செய்தவரிடம் திருப்பி அனுப்புங்கள். செயலி பதில்களின் வரிசையை மாற்றிக் காட்டினால், அச்சுத் தாளோடு வைத்து ஒவ்வொரு பதிலாகச் சரிபார்க்க வேண்டியதுதான்.

எந்த மதிப்பெண்ணில் கவனிப்பது? ஆங்கில மூலத்தில் 13-ம் அதற்கு மேலும் என்றால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம், 10 என்றாலே கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்தபோது 8-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்ற தாழ்ந்த கோடு பொருத்தமாக வந்தது. நம் பெண்கள் மனவருத்தத்தைக் குறைத்தே சொல்வார்கள் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. வெளிநாட்டுச் செயலியில் 13 என்று பூட்டி வைத்திருந்தால் 9, 10, 11 வாங்கும் பெண்கள் 'பச்சை' நிறத்தில் தப்பிப் போவார்கள். மாற்றிக்கொள்ள வசதி வேண்டும். களத்தில் வசதியான பிரிப்பு இது:

0–8: இப்போதைக்குச் சரி. அடுத்த தடுப்பூசிக்கு மறுபடி.
9–12: வாரம் ஒரு அழைப்பு, 2 வாரம் கழித்து மறுபடி கேள்வித்தாள். அப்போதும் குறையவில்லை என்றால் மருத்துவர்.
13-ம் மேலும்: அதே வாரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும்.
பத்தாவது கேள்வியில் (தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது) 0 தவிர எது வந்தாலும்: மொத்த மதிப்பெண் 3 ஆக இருந்தாலும் அன்றே, அங்கேயே செயல்பட வேண்டும்.

மதிப்பெண் நோயை உறுதி செய்யாது. யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டும். 'உங்களுக்கு மனச்சோர்வு நோய் உள்ளது' என்று திரையில் எழுதும் செயலியை, அந்த வரியை நீக்கச் சொல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

எப்போது கேட்பது? பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு. பத்து, பதினான்கு நாளில் தானே அடங்கும். அந்த நாட்களில் மதிப்பெண் எடுத்துப் பயமுறுத்த வேண்டாம். 6, 10, 14 வாரத் தடுப்பூசி நாட்களும் 9-ஆம் மாதத் தடுப்பூசியும் கச்சிதமான சந்தர்ப்பங்கள். குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு அரைமணி நேரம் உட்கார வைக்கிறோம். அந்த அரைமணி நேரம்தான் உங்கள் நேரம். குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, "எடை எழுதணும், உள்ள வாம்மா" என்று தாயை மட்டும் கூப்பிடுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்க, பத்துக் கேள்விக்கும் சிரித்துக்கொண்டே 'இல்லை' சொல்லும் பெண்ணுக்கு மதிப்பெண் 2 வரும். அந்த 2-க்கு அர்த்தமே இல்லை. யார் கூட இருந்தார்கள் என்று பதிவு செய்ய செயலியில் ஒரு கட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நோட்டில் எழுதுங்கள்.

வாசித்துக் காட்டும்போது பதில்கள் நான்கையும் வாசியுங்கள். "அழுகை வருதா, இல்லியா?" என்று சுருக்கினால் அளவுகோல் செத்துவிடும். மொழிபெயர்ப்பு விறைப்பாக இருக்கும் இடத்தில் கேள்வியை மாற்றாமல், பின்னால் ஊர்ப்பேச்சில் ஒரு வரி சேர்க்கலாம். மனவருத்தத்தை உடம்பின் வழியாகச் சொல்வது இங்கே அதிகம்: "நெஞ்சு படபடங்குது", "தலை கிறுகிறுக்குது", "கைகால் ஓயுது", "ஒண்ணும் புடிக்கல". இவற்றைக் கேட்டதும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் நடக்கிறது.

அதே சமயம் உடம்பையும் பார்க்கத்தான் வேண்டும். 9-ம் அதற்கு மேலும் வந்த எல்லோருக்கும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டுக் கோளாறும் மனச்சோர்வு மாதிரியே தோன்றும். இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

செயலி பிடிக்காத ஒன்று

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், வேறு வகைக் கோளாறு வரும். இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் இருந்தும் அசதி தெரியாது. பேச்சு தாறுமாறாகும், யாரோ பேசுவது கேட்கிறது என்பாள், குழந்தை தன்னுடையதில்லை என்பாள், ஒரு மணிநேரம் தெளிவாகவும் அடுத்த மணிநேரம் குழம்பியும் இருப்பாள். எடின்பரோ மதிப்பெண் இதற்கு உதவாது. ஊரில் 'காத்து பட்டுருச்சு' என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். மந்திரிப்பதைத் தடுத்துச் சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். "தாயத்தும் கட்டிக்கட்டும், ஆஸ்பத்திரிக்கும் இப்பவே போகலாம்" என்று சொல்லி 108-ஐக் கூப்பிடுங்கள். தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. இது அவசர சிகிச்சை, மாவட்ட மருத்துவமனை வேலை.

போனைப் பத்திரப்படுத்துவது

நிறுவிய அன்றே ஐந்து நிமிடம் செலவழித்து இவற்றைச் செய்துவிடுங்கள்:

1. அமைப்புகளில் அறிவிப்புகளுக்குள் போய், பூட்டுத்திரையில் விவரம் காட்டுவதை நிறுத்துங்கள். 'இன்று உங்கள் மனநிலை எப்படி?' என்ற வரி பூட்டிய திரையில் மின்னினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.
2. போனிலேயே செயலிப் பூட்டு இருந்தால் போடுங்கள். கணவருக்குத் தெரிந்த எண்ணையே பூட்டு எண்ணாக வைக்காதீர்கள். ஆனால் பூட்டே சந்தேகத்தைக் கிளப்பும் வீடுகளும் உண்டு. அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.
3. வாட்ஸ்அப்பில் பேசுவதானால் தானாக மறையும் செய்தியை 24 மணிநேரத்துக்கு வையுங்கள். தாய்மார் குழு தொடங்கி அதில் இதைப் பேச வேண்டாம்; ஊர் சின்னது.
4. உங்கள் எண்ணை 'தடுப்பூசி சிஸ்டர்' என்று சேமிக்கச் சொல்லுங்கள்.
5. மாற்றுப் பேச்சு ஒன்று ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் அழைத்ததும் "பாப்பாவுக்கு ஊசி என்னிக்கு சிஸ்டர்?" என்று அவள் கேட்டால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். தேதியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். "பாப்பா தூங்குது" என்றால் பேசலாம்.

வீட்டில் அடி உதை இருந்தால், அல்லது கணவர் போனைத் தினமும் சோதிப்பவராக இருந்தால், செயலியே வேண்டாம். நேரில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வாயால் சொல்லிக்கொடுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள்.

வாரம் ஒரு அழைப்பு: என்ன பேசுவது

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், கர்ப்பத்திலேயே மனச்சோர்வு இருந்த பெண்களுக்கு, மனநலப் படிப்பில்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. குழந்தையின் ஆறாம் மாதத்தில், அவர்கள் பார்த்துக்கொண்ட தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கும் மற்ற தாய்மாரில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. அந்த முறையைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கையேடாக்கியது. பிறகு கோவாவில் அனுபவமுள்ள தாய்மாரே சக தாய்மாருக்குச் செய்யும் வடிவமும் வந்தது. அதன் சாரம் எளிது. மூன்று விஷயத்தைத் தொடர்ந்து பேசுவது: தாயின் உடம்பு, குழந்தையோடு அவள் உறவு, சுற்றியிருப்பவர்களோடு அவள் உறவு. ஒவ்வொன்றிலும் தன்னைக் குற்றவாளியாக்கும் நினைப்பைக் கண்டுபிடிப்பது, அதற்குப் பதில் வேறு நினைப்பைச் சேர்ந்து தேடுவது, வாரத்துக்கு ஒரு சின்னச் செயல் செய்து பார்ப்பது.

15 முதல் 20 நிமிடம் போதும். முதல் அழைப்பில் எந்த அறிவுரையும் வேண்டாம், கேளுங்கள். "எல்லாருக்கும் வர்றதுதான், புள்ள மூஞ்சியப் பாத்தா சரியாயிரும்" என்ற வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். அந்த முகத்தைப் பார்த்தும் சரியாகவில்லையே என்பதுதான் அவள் குற்ற உணர்ச்சி.

இரண்டாம் வாரத்திலிருந்து சின்ன வேலை. "மகிழ்ச்சியாக இருங்கள்" என்பது வேலை ஆகாது. தலைக்குக் குளித்து வாசலில் பத்து நிமிடம் வெயிலில் உட்காருவது, தங்கைக்கு ஒரு போன், குழந்தையை மடியில் வைத்து ஐந்து நிமிடம் அதன் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பில் முதலில் அதையே கேளுங்கள். செய்யவில்லை என்றால் திட்டாமல், எது தடுத்தது என்று கேட்டு வேலையைப் பாதியாக்குங்கள்.

மனநிலையைத் தினமும் குறிக்க செயலியில் ஐந்து முகங்கள் இருக்கும். சிரிக்கும் முகத்தை எல்லோரும் மரியாதைக்காக அழுத்துவார்கள். ஐந்துக்கும் இடையே வித்தியாசமும் புரியாது. மூன்று முகமாகக் குறையுங்கள். போன் கையில் இல்லாதவருக்குப் புளியங்கொட்டை போதும்: மனசு சரியில்லாமல் போன நாளுக்கு ஒரு கொட்டையை டப்பாவில் போடச் சொல்லி, அழைக்கும்போது எண்ணச் சொல்லுங்கள். போன வாரம் ஆறு, இந்த வாரம் நாலு என்று அவளே பார்ப்பாள்.

வீட்டாரிடம் தாய் சம்மதித்தால் மட்டும் பேசுங்கள். மதிப்பெண்ணையோ அவள் சொன்னதையோ சொல்லாமல், செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். கணவரிடம்: ராத்திரி ஒரு பால் கொடுத்ததும் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பது உங்கள் வேலை, அவளுக்குத் தொடர்ச்சியாக நான்கு மணிநேரம் தூக்கம் வேண்டும். மாமியாரிடம்: "அம்மா, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் கொறையற மாதிரி மனசும் சோர்ந்துபோகும், பாத்தா சரியாயிரும், மூணு வாரத்துக்குத் தண்ணி தூக்கறத மட்டும் வேற யாராச்சும் பாக்கட்டும்." கணியம்பாடி ஆய்வில் மனச்சோர்வோடு சேர்ந்து வந்த காரணங்களில், ஆண்குழந்தை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, ஒத்தாசைக்கு ஆளில்லாதது எல்லாம் இருந்தன. இவற்றைத் திரையில் மூச்சுப்பயிற்சி காட்டித் தீர்க்க முடியாது.

மேலே அனுப்புவது

14416 என்பது டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணிநேரமும் தமிழில் பேசலாம். அதற்கென்று செயலியும் உண்டு. முதல் முறை அவளைத் தனியாகப் பேசச் சொல்லாமல் உங்கள் போனிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து அழையுங்கள். எடுத்தவுடன் சொல்ல வேண்டியதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: பிரசவமாகி எத்தனை வாரம், சுகப்பிரசவமா ஆபரேஷனா, தாய்ப்பால் கொடுக்கிறாளா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், எடின்பரோ மதிப்பெண், எந்த மாவட்டம். தாய்ப்பால் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மருந்து ஆலோசனையே மாறிவிடும். நேரில் காட்ட, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்டாரத்துக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் செயலியிலோ சுவரிலோ எழுதி வையுங்கள்.

மருந்து எழுதினால் வீட்டில் முதல் கேள்வி "பால் குடுக்கலாமா?" என்பதுதான். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே சேரும். மருத்துவர் தெரிந்தே எழுதியிருப்பார், பாலை நிறுத்தத் தேவையில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்திவிடுவார்கள். இருபது நாளில் "சரியாயிருச்சு" என்றும் நிறுத்திவிடுவார்கள். மாத்திரை நினைவூட்டலைவிட இந்த இரண்டு தேதிகளில் நீங்கள் அழைப்பது பலன் தரும்.

பத்தாவது கேள்விக்கு 'ஆம்' வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிரலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா? புள்ளையையும் சேத்து ஏதாச்சும் தோணுச்சா?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் அந்த வீட்டிலிருந்து இன்றே வெளியே போக வேண்டும். திட்டம் இருக்கிறது என்றால் 108. எண்ணம் மட்டும் என்றால் அங்கிருந்தே 14416, அன்றைக்கே மருத்துவர். இந்த ஒரு சமயத்தில் மட்டும் ரகசியத்தை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் உடைக்கலாம். யாரிடம் என்று அவளையே கேளுங்கள்.

பாதியில் நின்றுபோவது

மூன்றாம் நான்காம் வாரத்தில் செயலியைத் திறப்பது குறையும். சோம்பல் என்று நினைக்காதீர்கள். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், போன் நிறைந்து செயலி நீக்கப்பட்டிருக்கும், ஊர் மாறியிருக்கும், அல்லது மனச்சோர்வு கூடியிருக்கும். கடைசிக் காரணம் இருப்பதால், இரண்டு அழைப்பு தவறினால் மூன்றாவது அழைப்பு வேண்டாம், நேரில் போங்கள்.

இன்னொரு கோளாறு நம் பக்கத்தில். இலக்கு வைத்தால் வீட்டில் உட்கார்ந்து டிக் போடுவது நடக்கும். ஒருவர் அனுப்பிய தாள்களில் எல்லாம் 0, 1 என்று இருந்தால், அல்லது பத்துக் கேள்வியும் ஒரு நிமிடத்தில் முடிந்திருந்தால், அங்கே யாரிடமும் கேட்கவில்லை என்று அர்த்தம். வாசித்துக் கேட்டால் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். மேற்பார்வையாளர் கண்டிப்பதைவிட, அந்தப் பணியாளர் கையில் உள்ள வேறு எந்தப் பதிவைக் குறைக்கலாம் என்று பார்ப்பது நல்லது.

இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை 9-க்குக் கீழே வந்தால் வாராந்தர அழைப்பை மாதம் ஒன்றாக்கி, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தொடருங்கள். முடிக்கும் அன்று செயலியை அவள் போனிலிருந்து நீக்கி, உங்கள் எண்ணை மட்டும் விட்டுவாருங்கள். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம். அடுத்த கர்ப்பம் பதிவாகும்போது முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும் என்பதை, அவள் சம்மதத்தோடு, உங்கள் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறித்து வையுங்கள்.